கோயிலைப் பார்த்து நிறுத்திய பிக்கப்

என் காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள் யாராவது இதை வாசிப்பீர்கள் என்றால், முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நல்ல குணமுள்ள பிள்ளையின் கதை அல்ல. பத்து வயதில் நான் ஒரு பொறாமைக்காரி. இப்போது ஐம்பதை நெருங்குகிறேன், இன்னும் அப்படித்தான் இருக்கிறேன். நீங்கள் எதற்குப் பொறாமைப்பட்டீர்களோ தெரியாது. அடுத்த வீட்டுக் காம்பராவில் பாடிய ரேடியோவுக்காக இருக்கலாம், யாரோ போட்டிருந்த தீபாவளிச் சட்டைக்காக இருக்கலாம். நான் பொறாமைப்பட்டது ஒரு கிழட்டு டீசல் பிக்கப்பின் முன் சீட்டுக்கு.

எங்கள் தோட்டம் பதுளைக்கு மேலே மலையில் இருந்தது. டவுன் பஸ் கீழே சந்தி வரைக்கும் வந்து திரும்பிவிடும். அங்கிருந்து லயத்துக்கு நடைதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கலாம். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் விடியும் முன் எழுந்து சந்திக்கு நடந்து பஸ் பிடிக்க வேண்டும். ஆம்பிளைப் பிள்ளைகள் போனார்கள். எங்களைப் போன்ற பெண் பிள்ளைகளை, காட்டுப் பாதையில் தனியாக விட முடியாது என்று வீட்டோடு நிறுத்திவிடுவார்கள். தம்பி தங்கச்சியைத் தூக்கி வளர்த்துவிட்டு, வயது வந்ததும் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே அந்த முன் சீட்டு எனக்கு வெறும் சீட்டு இல்லை. அதில் ஏறினால் டவுன் பள்ளிக்கூடம், ஏறாவிட்டால் கொழுந்து மலை. பத்து வயதிலேயே எனக்கு அது தெளிவாகத் தெரியும்.

பிக்கப் மாமாவுடையது. மாமா என்றால் அப்பாவின் அக்கா புருஷன். பதுளை பஜாரில் ஒரு கடை முதலாளிக்குப் பல வருஷம் லொறி ஓட்டியவர். முதலாளி கழித்துப்போட்ட வண்டியை அவரே வாங்கிக்கொண்டு வந்தார். முன்பக்கம் நீலம், பின்பக்கத் தட்டுக்குக் கையால் பூசிய பச்சை. இடதுபக்கக் கதவை உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்கலாம். உள்ளே டீசலும் ஈரச் சாக்கும் லீக்ஸும் கலந்த ஒரு வாசனை வரும். லயத்துக் காம்பராப் புகையிலேயே வளர்ந்த எனக்கு அது வெளியூர் வாசனை. தினமும் விடியற்காலையில் லயத்தார் தோட்டத்தில் போட்ட கரட், கோவா, பீட்ரூட் என்று மரக்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போவார். அவர் மகள், என் அத்தை மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவள் அந்த வருஷமே டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். வெள்ளை யூனிபோம், கறுப்புச் சப்பாத்து, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல். அவளுக்கு வேறு வண்டி தேவைப்படவில்லை, அப்பா வண்டி எப்படியும் போகிறதல்லவா.

சாவியைப் பாதி திருப்பினால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வலைக்குள் இருக்கும் கம்பிச் சுருள் மெல்லச் சிவக்கும். உள்ளே இஞ்சின் சூடாகிறது என்று அர்த்தம். அது சிவந்த பிறகுதான் முழுச் சாவி. சிவந்துவிட்டது என்று சொல்லும் வேலை அத்தை மகளுக்கு. "செவந்திருச்சிப்பா!" என்று அவள் கத்துவது எங்கள் வாசல் வரை கேட்கும். உடனே வண்டி உறுமி, கிளம்பி, கறுப்புப் புகையை எங்கள் வாசலில் ஊதிவிட்டுப் போகும். அந்த ஒரு சொல்லை நான் சொல்வதற்கு எதையும் கொடுத்திருப்பேன். வாசற்படியில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

மாமா என்னிடமும் சொல்லியிருந்தார். "அஞ்சாம் வகுப்ப முடி புள்ள. தை மாசம் ஒன்னையும் சேர்த்து அள்ளிக்கிட்டுப் போயிருறேன். சீட்டுல ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்." அதை அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அம்மாவும் கேட்டாள். அன்றிலிருந்து அம்மா கொழுந்து மலைக்குப் போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போவாள், நான் எதையோ சாதித்துவிட்ட மாதிரி. கண்ணை எடுக்காமல் பார்ப்பாள். அந்தப் பார்வையை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, என் நினைப்பெல்லாம் சீட்டில்தான் இருந்தது.

அத்தை வீடு மேல் லயத்தில், எங்கள் வீடு கீழ் லயத்தில். நடுவில் ஒரு சரிவு. மாமா வண்டியை எப்போதும் அந்தச் சரிவில் மூக்கு கீழே பார்க்கத்தான் நிறுத்துவார். டயருக்கு முன்னால் ஒரு கல். பெட்டரி செத்துப்போனாலும் கல்லை எடுத்துவிட்டால் போதும், தானே உருண்டு ஸ்டார்ட் ஆகிவிடும். மலைநாட்டு டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான் நிறுத்துவார்கள், உங்களுக்கே தெரியும். அப்படி நின்றால் வண்டியின் முகம் நேராக எங்கள் வாசலைப் பார்க்கும். காலையில் பார்த்தால் இஞ்சினுக்குக் கீழே மண் கறுத்திருக்கும். எங்கோ ஒரு குழாய் சொட்டுச் சொட்டாக டீசலை விட்டுக்கொண்டிருந்தது. "கெழட்டு வண்டின்னா மூக்கு ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லி மாமா ஒரு மீன் டின்னைக் கீழே வைத்தார். அதை நான் கவனித்தேன். பொறாமைப்படுகிறவள் கவனிக்கிற அளவுக்குச் சொந்தக்காரன் கூடத் தன் பொருளைக் கவனிப்பதில்லை.

அந்தக் கார்த்திகை மாதம் அம்மாவைக் குளவி கொட்டியது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது கூடு கலைந்து, நாலைந்து பெண்களைத் துரத்தித் துரத்திக் கொட்டியது. அம்மாவுக்குத்தான் அதிகம். முகம் வீங்கி மூச்சு இழுத்தது. மாமா மூட்டையெல்லாம் இறக்கிப் போட்டுவிட்டு அம்மாவை முன் சீட்டில் சாய்த்து, பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். அதை நான் மறக்கக்கூடாது, மறக்கவும் இல்லை. அம்மா திரும்பி வந்த சாயங்காலம் இரண்டு லயத்துச் சனமும் வெளியே நின்றது. அம்மாவின் கண் இன்னும் வீங்கிக் கீற்றாகத்தான் திறந்திருந்தது. இறங்கியவள் வண்டியின் மட்காட்டைத் தட்டிக் கொடுத்து, மனம் நிறைந்து அத்தையிடம் சொன்னாள்.

"என்னா வண்டி மதினி இது! நோகாம கொண்டுபோய்ச் சேத்துச்சி. இந்தத் தோட்டத்திலேயே இப்பிடி ஒண்ணு கெடையாது."

மறுநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

மாமா மெக்கானிக் இல்லாவிட்டாலும் கை தெரிந்தவர். பொனட்டைத் திறந்து, டீசல் வடிகட்டியின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு சோடாப் போத்தலில் பிடித்தார். போத்தலின் அடியில் தண்ணீர் தனியாக நின்றது, மேலே டீசல். "தண்ணி கலந்த டீசல அடிச்சி வுட்டுட்டானுங்க" என்றார். தண்ணீரை வடித்து, வடிகட்டிக்கு மேலே இருக்கும் கைப்பம்பை அமுக்கி அமுக்கிப் புது டீசலை ஏற்றினார். அரை மணி நேரத்தில் வண்டி ஓடியது. மாமா பிழையைச் சரியாகத்தான் பிடித்தார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அத்தைக்கு அது போதவில்லை. "நேத்து அந்த வாயி சொன்னிச்சி, இன்னைக்கு வண்டி படுத்திருச்சி" என்றாள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள், அம்மாவுக்குக் கேட்கும்படியே சொன்னாள். வண்டி ராவெல்லாம் எங்கள் வாசலைப் பார்த்தே நிற்கிறது, விடிந்ததும் அம்மா முகத்தில்தான் விழிக்கிறது என்பதும் அவள் கண்டுபிடிப்பு. பூசாரியிடம் போய்க் கேட்டாள். அவர் வண்டியைத் திருப்பி, மேலே இருக்கும் மாரியம்மன் கோயிலைப் பார்க்க நிறுத்தச் சொன்னார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், முன்னால் மிளகாயும் எலுமிச்சையும் கோர்த்துக் கட்டினார்கள். அன்றிலிருந்து வண்டி சரிவில் மூக்கு மேலே பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

முதல் நாளே ஓர் அதிசயம் நடந்தது. ஒழுகுவது நின்றுவிட்டது. மீன் டின் காய்ந்து கிடந்தது. "பாத்தீங்களா, ஆத்தா காட்டிட்டா" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. கம்பி சிவக்கும், அத்தை மகள் கத்துவாள், இஞ்சின் நொண்டும், அடங்கும். மாமா பொனட்டைத் திறந்து காற்று வெளியேறும் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்குவார். டீசல் நுரை நுரையாக வரும். நுரை தீர்ந்து தெளிந்த டீசல் வரும்வரை அமுக்கி, திருகை இறுக்கி, சாவியைத் திருப்பினால் ஓடும். ஒரு தடவை ஓடிவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை கிடையாது. அடுத்த நாள் விடிந்தால் மறுபடியும் அதே நுரை. "எங்கியோ காத்து பூருது" என்று மாமா சரியாகவே சொன்னார். எங்கே என்றுதான் தெரியவில்லை. இஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கை மாற்றினார். பெட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பூவைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார். டவுனில் வண்டி திருத்தும் கராஜ் பாஸிடம் காட்டினார். பாஸ் அவர் கண் முன்னாலேயே பல தடவை நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் பண்ணி, மெஷின் நன்றாக இருக்கிறது என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

அதுதான் கடைசிச் சாட்சி. எங்கள் வாசலில் நின்று மாமா அப்பாவிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"நான் இதெல்லாம் நம்புற ஆளு இல்ல மச்சான். ஆனா நீயே சொல்லு. டவுன்ல ஒரு சாவியில ஸ்டாட் ஆகுது. சந்தியில ஆகுது. நம்ம லயத்துக்கு வந்து நின்னாத்தான் ஆக மாட்டேங்குது. அப்ப என்னா அர்த்தம்?"

அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த மனிதர், மெஷின் சத்தத்தில் பேசாமல் இருந்து பழகியவர். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அதைவிடச் சத்தம் அதிகம். இன்று யோசித்தால் மாமா மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார், மிச்சம் நின்றது அம்மாவின் கண். திருப்பி நிறுத்தியதை மட்டும் யாரும் கழித்துப் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்து நிறுத்தியதால் கெடுதல் வரும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

தை பிறந்தது. எனக்குத் தைத்த யூனிபோம் மடித்து வைத்தபடி இருந்தது. அத்தை தீர்மானமாகச் சொல்லிவிட்டாள், அந்த வீட்டுப் பிள்ளை வண்டியில் ஏறக்கூடாது. மாமா தலையைச் சொறிந்தார். நான் அழுது புரண்டேன். அத்தை மகள் அந்த நேரத்தில் அவர்கள் வாசலில் நின்று சப்பாத்துக்கு மேல் வெள்ளைக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கால் இரண்டும் முறிந்துபோக வேண்டும் என்று நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேல் லயத்துக்கு ஏறினாள். நான் பின்னாலேயே போனேன். சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன், அம்மாவுக்கு வாய் உண்டு. ஆனால் அவள் அத்தைக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றாள்.

"மதினி, வண்டி கெளம்புற வரைக்கும் நான் கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருக்கேன். ஜன்னலக் கூடத் தொறக்க மாட்டேன். புள்ளைய மட்டும் ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

அத்தை யோசித்தாள். பிறகு "பாப்போம்" என்றாள்.

அப்படித்தான் எனக்கு அந்தச் சீட்டு கிடைத்தது. முதல் நாள் நான் ஏறி உட்கார்ந்தேன். கம்பி சிவந்தது, வண்டி வழக்கம்போல நொண்டியது, மாமா பம்பை அமுக்கினார், கிளம்பினோம். வளைவு வரை அத்தை கூடவே நடந்து வந்தாள். மகளின் காலரைச் சரிசெய்தாள், நெற்றித் திருநீறு மூக்கில் விழுந்ததை ஊதிவிட்டாள். வண்டி வளைவில் திரும்பும்வரை நின்று பார்த்தாள். நான் திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. லயத்தில் அந்த நேரத்தில் சாத்தியிருந்த கதவு அது ஒன்றுதான்.

நான் ஆசைப்பட்டதெல்லாம் கையில் இருந்தது. மடியில் புத்தகப் பை, முன்னால் கண்ணாடி, கீழே பதுளை. இருந்தும் வயிறு எரிந்தது. இப்போது எனக்குச் சீட்டு வேண்டியிருக்கவில்லை. அத்தை தன் மகளைப் பார்த்த மாதிரி என்னை யாராவது நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பார்க்கப்பட்டுவிட்ட நிம்மதியில் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தை நகத்தால் கீறலாம் போல இருந்தது.

கதவு சாத்தியும் வண்டி திருந்தவில்லை. மூக்கு மேலே பார்த்து நிற்கும்வரை அது எப்படித் திருந்தும்? அத்தை அடுத்ததைக் கண்டுபிடித்தாள். "காலைல புள்ளைய அவ பாத்துட்டுத்தானே அனுப்புறா? கண்ணு புள்ள மேலேறி வருது." அம்மா அதற்கும் ஒத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து எனக்குத் தலை வாரும்போது பின்னாலேயே நிற்பாள். ரிப்பனைப் பின்னாலிருந்தே கட்டுவாள். ரொட்டியைச் சுற்றிக் கையில் தரும்போது முகம் அடுப்புப் பக்கம் திரும்பியிருக்கும். பிறகு முதுகில் கையை வைத்துக் கதவுக்கு வெளியே தள்ளுவாள். நான் போன பிறகு, வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அவள் வெளியே வந்து பெரட்டுக் களத்துக்கு ஓடுவாள். அங்கே வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது என்று கங்காணி திருப்பி அனுப்பிய நாட்களும் உண்டு. அதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்றே நினைத்தேன். டவுனுக்குப் போகிறேன் என்று அம்மாவுக்கே என்மேல் பொறாமையோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதனால் எல்லோருக்கும் அதுவே இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு வருஷம் அப்படியே ஓடியது. பிறகு மாமா அலுத்துப்போய் வண்டியை ஹல்துமுல்லைப் பக்கத்து வியாபாரி ஒருவருக்குத் தள்ளிவிட்டார். அதற்குள் பஸ் எங்கள் தொழிற்சாலை வரை ஏறி வரத் தொடங்கியிருந்தது, என் படிப்பு நிற்கவில்லை. அந்த வியாபாரியிடம் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது என்று செய்தி வந்தது. அவருடைய முற்றம் பலகை போட்ட மாதிரி சமதரை. ஆனால் லயத்தில் அதைக் கேட்டவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுப் பக்கம்தான் பார்த்தார்கள்.

அம்மாவும் நம்பிவிட்டாள். எனக்கு வலிப்பது அதுதான். ஊர் சொன்னதை எதிர்த்துக் கத்தக்கூடிய வாய் அவளுக்கு இருந்தது. அவள் கத்தவில்லை, தன் கண் பொல்லாதது என்று தானே முடிவுசெய்துவிட்டாள். அதன்பிறகு எதையும் அழகு என்று சொன்னதில்லை. நான் பரீட்சை பாஸ் பண்ணி வந்து சொன்னபோது அடுப்பை ஊதிக்கொண்டே "ம்" என்றாள். மேல் லயத்தில் அத்தை, மகளின் சாதாரணப் பாஸை ஊர் கேட்கக் கொண்டாடிக்கொண்டிருந்தாள். என் கல்யாணத்தில் அம்மா மணவறைக்கு எதிரே வரமாட்டேன் என்று பந்தியில் பரிமாறிக்கொண்டு நின்றாள். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தாள், பிள்ளையை வாங்கினாள், முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடித் தோளில் போட்டுக்கொண்டாள். மகள் சடங்கானபோதும் அம்மா குசினி அடுப்பை விட்டு வரவில்லை. பேத்தியின் காலைப் பார்த்துத்தான் பேசுவாள்.

இப்போது எங்களிடமும் ஒரு பிக்கப் இருக்கிறது. பண்டாரவளையில் எங்களுக்குச் சின்ன மரக்கறிக் கடை. கணவருக்கு முதுகுவலி, ஆகவே வண்டியை ஓட்டுவதும் பார்த்துக்கொள்வதும் நான். என் வயதுப் பெண் எண்ணெய்க் கையோடு பொனட்டுக்குள் குனிந்திருப்பதைப் பார்த்து ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு வருஷம் முழுக்க வயிற்றெரிச்சலோடு மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான், எந்தத் திருகு எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போன வருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். அத்தையும் மாமாவும் இப்போது இல்லை. அத்தை மகள் பதுளையில் பெரிய வீட்டில் இருக்கிறாள், அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. பந்தல் போட்டிருந்ததால் வண்டியைத் திருப்ப இடமில்லை. ஏறிப்போன வாக்கிலேயே பழைய சரிவில் நிறுத்தினேன்.

மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை.

பொனட்டைத் திறந்து பம்பை அமுக்கினேன். நுரை நுரையாக வந்தது. பண்டாரவளை வீட்டில் ஒரு நாளும் வராத நுரை. மாமாவின் பம்பில் தினமும் பார்த்த அதே நுரை. அப்போதுதான் கவனித்தேன், அம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்மேலதான் புள்ள தப்பு. நேத்து நீ வந்து எறங்குறப்ப ஜன்னல் சந்துல பாத்துட்டேன். எம் மக வண்டி ஓட்டிக்கிட்டு வர்றான்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுட்டேன். மன்னிச்சிக்க."

எனக்கு வந்த கோபத்தில் ஸ்பானர் கையிலிருந்து விழுந்தது. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. பந்தல்காரர்களைக் கூப்பிட்டு இரண்டு கம்பை நகர்த்தச் சொல்லி, வண்டியை ஓடவைத்து, திருப்பி, மூக்கு கீழே பார்க்க நிறுத்தினேன். அன்று போக வேண்டியவள், ஒரு நாள் தங்கினேன். அடுத்த நாள் காலையில் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது. அணைத்துவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தேன். இஞ்சினுக்குக் கீழே மண் கறுத்திருந்தது. விரலால் ஈரத்தைத் தடவிக்கொண்டே மேலே போனேன். டாங்கியிலிருந்து டீசல் வரும் ரப்பர் குழாயில், கிளிப்புக்கு அடியில், மடக்கினால் மட்டும் வாய் திறக்கும் ஒரு வெடிப்பு.

குழாயின் அந்த முனையை வெட்டி எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போனேன். மகள் அங்கே பாயில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கையில் குழாயை வைத்து மடக்கிக் காட்டினேன்.

"இதுதாம்மா. மாமா வண்டியிலயும் இதேதான் இருந்திருக்கணும்."

அம்மா வெடிப்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். "நம்ம வாசலப் பாத்து நின்னப்ப நல்லாத்தானே ஓடுச்சி?"

"மூக்கு கீழ இருந்தா டாங்கி மேல இருக்கும். டீசல் வெளிய ஒழுகும், காத்து உள்ள போகாது. அந்த மீன் டின்னு ஞாபகம் இருக்கா?"

"கோயிலப் பாத்து நின்னப்ப?"

"டாங்கி கீழ போயிருது. ராவெல்லாம் டீசல் திரும்பி டாங்கிக்கே ஓடிரும். வெடிப்பு வழியா காத்து பூந்திரும். டவுன்ல சமதரை, அதான் அங்க ஒண்ணும் ஆகல. நீங்க கதவச் சாத்துனாலும் தொறந்தாலும் அது அப்பிடித்தாம்மா நடந்திருக்கும்."

அம்மா குழாயை மடக்குவதும் விடுவதுமாக இருந்தாள். வெடிப்பு திறந்து மூடியது.

"அப்ப நான் பாத்தது ஒண்ணும் செய்யல" என்றாள்.

"ஒண்ணும் செய்யலம்மா."

குழாயைக் கீழே வைத்தாள். புடவையில் கையைத் துடைத்தாள். பிறகு பாயில் இருந்த என் மகளை "இங்க வா சாமி" என்று கூப்பிட்டாள். அவள் வந்து முன்னால் மண்டியிட்டாள். அம்மா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெற்றி, புருவம், கண், மூக்கில் இருக்கும் மச்சம் என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்த்தாள்.

"என்னா அழகா இருக்க நீ" என்றாள், சத்தமாக. "ஆத்தாடி, என்னா அழகு!"

மகள் சிரித்தாள். அம்மா கண்ணை எடுக்கவே இல்லை. நான் பக்கத்திலேயே, எண்ணெய்க் கையோடு நின்றுகொண்டிருந்தேன். இப்போது என் பக்கம் திரும்புவாள், இப்போது திரும்புவாள் என்று நின்றேன். திரும்பவில்லை. நான் பெற்ற பிள்ளைமேல் எனக்கு அப்போது வந்தது பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன். கையைக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஒரு வேலையும் இல்லாத பொனட்டை மறுபடியும் திறந்தேன்.